செபுவானோ மொழியில் மரியாதையாகப் பேசுவது எப்படி?

பிலிப்பைன்ஸ் நாட்டின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கச் செல்லும் ஒரு மாணவியின் தந்தை கேட்டிருக்கிறார்: "அங்கே பேசப்படும் செபுவானோ மொழியில் மரியாதைக்கும் பணிவுக்கும் உரிய சொற்கள் எவை? அவற்றின் பொருள் என்ன? மணிலாப் பக்கத்துத் தகாலோக் மொழியில் வாக்கியந்தோறும் ‘போ’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். இங்கேயும் அதுதானா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். செபுவானோவில் ‘போ’ கிடையாது. அதற்கு ஈடான வேறு இடைச்சொல்லும் கிடையாது. நம்முடைய ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ போல வினையிலோ முன்னிலைப் பெயரிலோ மரியாதை ஏறும் வழக்கமும் இல்லை. ஆறு வயதுச் சிறுவனிடமும் எண்பது வயதுத் தாத்தாவிடமும் ‘சாப்பிடு’ என்பதற்கு ஒரே ‘கஓன் நா’தான். சிறுவனிடம் ‘கஓன் நா, டோங்’ என்பார்கள். தாத்தாவிடம் ‘கஓன் நா, லோ’ என்பார்கள். மரியாதை முழுவதும் அந்தக் கடைசி ஓரசையில் இருக்கிறது. ஆகவே உங்கள் மகள் வினைச்சொற்களைப் படிப்பதற்கு முன்பே, யாரை என்ன சொல்லி அழைப்பது என்பதைப் படித்துக்கொள்ள வேண்டும். அது கைவந்துவிட்டால் இலக்கணம் அரைகுறையாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். அது இல்லாமல் இலக்கணம் மட்டும் சுத்தமாக இருந்தால் ‘திமிர் பிடித்தவள்’ என்று நினைத்துவிடுவார்கள்.

செபுவானோவைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘பிசாயா’ என்றே சொல்வார்கள். செபு, போஹோல் தீவுகள், நெக்ரோஸின் கிழக்குப் பகுதி, லெய்தேயின் மேற்கும் தெற்கும், மின்டனாவ் தீவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் சுமார் 2 கோடிப் பேர் பேசும் மொழி இது. டாவோவும் ககாயான் டி ஓரோவும் மின்டனாவில் இருப்பவை. அங்கே குடியேறியவர்களோடு மொழியும் போயிற்று. ஊருக்கு ஊர் சாயல் மாறும். போஹோலில் பல சொற்களில் ‘ய’ ஒலி ‘ஜ’ ஆகிவிடும். டாவோவில் தகாலோக் கலப்பு அதிகம். நான் கீழே சொல்பவை எங்கும் செல்லும்.

ஒலிப்பு பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் க, ப, த, ட ஆகியவற்றுக்கு வன்மை, மென்மை வேறுபாடு காட்ட முடியாது என்பதால் நான் எழுதுவதை அப்படியே படித்துப் பேசிவிட வேண்டாம். ‘பலிஹுக்’ என்பதில் முதல் எழுத்து ‘பல்’லில் வரும் ப, கடைசி ஒலி ‘பாகம்’ என்பதில் வரும் மெல்லிய க. ‘ட’ வரும் இடங்களில் எல்லாம் நாக்கை மடிக்காமல், பல்லுக்குப் பின்னால் மென்மையாகத் தொட்டால் போதும். ‘டோங்’ என்பதில் ‘ங்’ மட்டுமே ஒலிக்கும். பின்னால் ‘க்’ வராது. அங்குள்ள வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இரண்டு நாள் கேட்டுத் திருத்திக்கொள்வது எந்தப் புத்தகத்தையும்விட நல்லது.

முன்னிலைப் பெயரைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழர் தடுமாறும் முதல் இடம் அதுதான். ‘இக்காவ்’ அல்லது அதன் குறுக்கமான ‘கா’ என்றால் நீ. ‘கமோ’ அல்லது ‘மோ’ என்றால் பலரைக் குறிக்கும் நீங்கள். தகாலோக்கில் ஒரே ஒரு பெரியவரிடம் பேசும்போதும் பன்மையான ‘கயோ’வைப் பயன்படுத்துவார்கள், நம் ‘நீங்கள்’ போலவே. செபுவானோவில் அப்படி இல்லை. பாட்டியிடமும் ‘கா’தான். ‘எங்கே போகிறீர்கள், பாட்டி?’ என்பது ‘ஆசா கா படுலோங், லா?’ ஆகும். தமிழ் மனத்துக்கு இது முதலில் கூசும். பாட்டியை ‘நீ’ என்று சொல்லிவிட்டதுபோல் இருக்கும். கூசி, ‘கமோ’ என்று மாற்றிப் பேசினால், பாட்டி தன் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

இந்த வேறுபாட்டால்தான் பிசாயா பேசுகிறவர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்ற பழியைத் தகாலோக் பகுதியில் சிலர் சுமத்திவந்திருக்கிறார்கள். 1937-இல் அதிபர் மனுவெல் கெசோன் தகாலோக்கை நாட்டின் தேசிய மொழிக்கு அடிப்படையாக அறிவித்தார். பள்ளிக்கூடமும் திரைப்படமும் தொலைக்காட்சியும் அந்த வழியே போயின. தகாலோக் இலக்கணமே நற்பண்பின் இலக்கணம் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. 1980-கள் வரை அந்த நாட்டில் தாய்மொழியாக மிக அதிகம் பேர் பேசிய மொழி செபுவானோவே என்பது இந்த அநீதியை இன்னும் உறைக்கச் செய்கிறது. ஒரு மொழியில் ஒரு சொல் இல்லை என்பதால் அந்த மக்களிடம் அந்தப் பண்பு இல்லை என்று சொல்வது அறியாமை. உங்கள் மகள் டாவோவுக்குப் போய் ‘உங்கள் மொழியில் மரியாதைச் சொல் இல்லையாமே’ என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. அது அவர்களுக்குப் பழைய காயம்.

இனி அழைக்கும் சொற்கள். நம்மைவிடச் சற்று மூத்த ஆண் ‘மனோங்’, பெண் ‘மனாங்’. இவை அண்ணன், அக்காள் என்ற உறவுக்கும் வரும், முன்பின் தெரியாதவருக்கும் வரும். பஸ் ஓட்டுநர், காவலாளி, காய்கறி விற்கும் அம்மாள், அறையைப் பெருக்க வருகிறவர் எல்லாருமே மனோங், மனாங்தான். நேரில் விளிக்கும்போது முழுச் சொல்லையும் சொல்ல மாட்டார்கள். கடைசி அசையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மனோங் ‘நோங்’ ஆகும். மனாங் ‘நாங்’ ஆகும். இந்த வழக்கம் ஏறக்குறைய எல்லா விளிகளுக்கும் உண்டு. லோலோ (தாத்தா) ‘லோ’. லோலா (பாட்டி) ‘லா’. ததாய் (அப்பா) ‘தாய்’. நனாய் (அம்மா) ‘நாய்’.

ஆம், அப்படித்தான் ஒலிக்கும். அப்பா வயதுள்ளவரைத் ‘தாய்’ என்றும் அம்மா வயதுள்ளவரை ‘நாய்’ என்றும் அழைக்க வேண்டியிருக்கும். தமிழ் நாக்கு இரண்டாவது சொல்லில் தயங்கி நின்றுவிடும்; சிலர் அதைத் தவிர்த்துவிட்டு வெறும் கேள்வியை மட்டும் கேட்பார்கள். தவிர்க்கவே கூடாது. மருத்துவமனையில் நடுத்தர வயதைக் கடந்த ஏழைப் பெண்மணிக்கு அதைவிட இதமான சொல் கிடையாது. பெயரை வைத்து அழைப்பது, அதிலும் வெறும் பெயரை மட்டும் வைத்து அழைப்பது, மூத்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். பெயர் வேண்டுமென்றால் முன்னால் உறவுச் சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செபுவானோவில் உறவுச்சொல் முன்னே வரும், பெயர் பின்னே வரும். நம் ‘முருகன் அண்ணன்’ என்பதற்கு நேர்மாறு.

இளையவர்களுக்கு உரியவை ‘டோடோங்’, ‘இன்டாய்’. ஆணுக்கு ‘டோங்’, பெண்ணுக்கு ‘டாய்’ என்று குறுக்கி விளிப்பார்கள். இந்த ‘டாய்’ தமிழ்க் காதில் ‘டேய்’ போல் விழும். சந்தையில் ஓர் அம்மாள் உங்கள் மகளைப் பார்த்து ‘டாய்!’ என்று கூப்பிட்டால் அது ‘கண்ணு, இங்கே வா’ என்பதற்குச் சமம். இந்தச் சொற்கள் மேலிருந்து கீழே மட்டும் போகும். ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து இருபது வயதுப் பெண் ‘டோங்’ என்றால் அது அவமதிப்பு. வயது ஊகிக்க முடியவில்லை என்றால் ஒரு படி மேலே வைத்து அழைப்பதே நல்லது. ஆனால் முப்பது வயதுப் பெண்ணை ‘லா’ என்று பாட்டியாக்கிவிடவும் கூடாது. அந்த இடத்தில் ‘நாங்’ போதும். நகரங்களில் தகாலோக்கிலிருந்து வந்த ‘குயா’ (அண்ணன்), ‘ஆதே’ (அக்காள்) ஆகியவையும் தாராளமாகக் கேட்கும். கடைகளிலும் அலுவலகங்களிலும் ‘சார்’, ‘மேம்’. மருத்துவரை ‘டோக்’. மருத்துவ மாணவர்களையும் நோயாளிகள் ‘டோக்’ என்றே அழைத்துவிடுவார்கள்.

இன்டாய் என்ற சொல்லுக்கு ஒரு தனிக் கதை உண்டு. பிசாயா பகுதிகளில் அது பெண் குழந்தைக்கும் இளம் பெண்ணுக்கும் உரிய செல்லச் சொல். வீட்டின் மூத்த மகளுக்குப் பெயராகவே நிலைத்துவிடும். பிசாயா பகுதியிலிருந்து மணிலாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களை அவர்களுடைய உறவினர்கள் அப்படி அழைப்பதைக் கேட்ட மணிலாக்காரர்கள், இன்டாய் என்றாலே வேலைக்காரி என்று பொருள்படுத்திக் கேலிச் சித்திரமாக்கிவிட்டார்கள். தெற்கே அந்தக் கறை ஒட்டவில்லை. 2022-இல் துணை அதிபரான சாரா டுடெர்டே, டாவோ நகர மேயராக இருந்த காலத்திலிருந்தே ‘இன்டாய் சாரா’ என்றுதான் அழைக்கப்படுகிறார். ஒரே சொல் ஓர் ஊரில் அன்பும் பெருமையும். இன்னோர் ஊரில் இளக்காரம். ஆகவே டாவோவில் கற்ற ‘டாய்’ என்ற விளியை மணிலா விமான நிலையத்தில் பயன்படுத்த வேண்டாம்.

நண்பர்களுக்குள் ஆண்கள் ‘பாய்’ என்பார்கள். ‘மிகோ’, ‘மிகா’ என்பவை தோழன், தோழி. மூத்த பெண்கள் இளையவர்களை ‘லங்கா’ என்று அழைப்பதும் உண்டு. அன்பு காட்டுதல் என்ற பொருளுள்ள ‘பலங்கா’ என்பதன் சுருக்கம் அது. ‘ங்’ ஒலியோடு மெல்லிய ‘க’ வரும். மீன் விற்கிறவர்கூட ‘என்ன வேண்டும், லங்கா?’ என்று கேட்பார்.

‘கினோஓ’ என்ற சொல் திரு என்பதற்கும் வரும், ஆண்டவர் என்பதற்கும் வரும். ‘கினோஓ கோ!’ என்று யாராவது கத்தினால் ‘கடவுளே!’ என்று பொருள். ‘செனியோர்’ என்பது ஸ்பானியர் விட்டுச்சென்ற மரியாதைப் பெயர். செபு நகரில் ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் சினுலோக் திருவிழாவில் ‘பித் செனியோர்!’ என்ற முழக்கம் வானைப் பிளக்கும். ஆண்டவரைக் கூவி அழை என்ற பொருளுள்ள தொடரின் சுருக்கம் அது என்பார்கள். செனியோர் என்று அவர்கள் அழைப்பது 1521-இல் மெகல்லன் செபுவுக்குக் கொண்டுவந்த குழந்தை இயேசுவின் சிறு சிலையை.

அடுத்து வேண்டுகோள். ‘பலிஹுக்’ என்றால் தயவுசெய்து. இதன் உண்மையான பயனைப் பார்க்க வேண்டுமானால் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியில் ஏற வேண்டும். நீளவாக்கில் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள்; முழங்கால்கள் இடிபடும்; கட்டணத்தை ஓட்டுநரிடம் எழுந்து போய்க் கொடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் காசை நீட்டி ‘ப்ளேதே, பலிஹுக்’ என்பார்கள். ப்ளேதே என்றால் கட்டணம். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அதற்கு அடுத்தவரிடம். மீதிச் சில்லறையும் அதே வழியாகத் திரும்பிவரும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் செபுவில் ‘லுகார் லாங்’ என்பார்கள், அல்லது ஒரு நாணயத்தால் மேலே உள்ள கம்பியைத் தட்டுவார்கள். ‘லுகார்’ என்றால் இடம்; ‘லாங்’ என்றால் ‘மட்டும்’, ‘சும்மா’. அந்த ‘லாங்’தான் கட்டளையை வேண்டுகோளாக்குகிறது. மணிலா ஜீப்னியில் ‘நிறுத்துங்கள்’ என்பதற்கு ‘பாரா போ’ என்பார்கள். அந்த இடத்தில் ‘போ’ தரும் இதத்தை இங்கே ‘லாங்’ தருகிறது.

இப்படிச் சின்னச் சின்ன இடைச்சொற்களை வைத்தே செபுவானோ பேச்சு இதமாகிறது. ‘தகாய் கோ ஒக் தூபிக்’ என்றால் ‘எனக்குத் தண்ணீர் கொடு’. சொல்லளவில் சரி, ஆனால் அதட்டல் போல இருக்கும். நடுவில் ‘பி’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து ‘தகாய் கோ பி ஒக் தூபிக்’ என்றால் ‘கொஞ்சம் தண்ணீர் கொடேன்’ ஆகிவிடும்; சம வயதினரிடம் இது போதும். ‘பலிஹுக் தகாய் கோ ஒக் தூபிக், நாங்’ என்றால் மூத்தவரிடம் கேட்கும் முறை. இன்னும் தணிந்து கேட்க ‘உந்தா’ இருக்கிறது. ‘மங்காயோ உந்தா கோ ஒக் தூபிக்’ என்றால் ‘தண்ணீர் கேட்கலாம் என்று வந்தேன்’ என்பதுபோல் வரும். கேட்பவர் கேட்டும் கேட்காமலும் நிற்பதால், இல்லை என்று சொல்ல நேர்ந்தாலும் கொடுப்பவருக்குச் சங்கடம் இருக்காது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த சொல் இந்த ‘உந்தா’தான். ‘மங்உதானா உந்தா கோ’ (ஒன்று கேட்கலாமென்று இருந்தேன்) என்று தொடங்கினால் எந்த அலுவலகச் சாளரத்திலும் முகம் மலரும். அனுமதி கேட்க ‘மஹிமோ பா?’ அல்லது ஸ்பானியத்திலிருந்து வந்த ‘புவேடே பா?’. இரண்டும் ‘முடியுமா, செய்யலாமா’ என்ற பொருளுடையவை. வாக்கிய முடிவில் ‘ஹா?’ சேர்த்தால் ‘சரிதானே?’ என்று ஒப்புதல் கேட்பதாகும்.

‘ஹங்யோ’ என்பது இன்னும் கனமான சொல். மன்றாட்டு, விண்ணப்பம் என்று பொருள். ஆனால் சந்தையில் அதே சொல்தான் பேரம் பேசுவதற்கும். செபுவின் கார்பன் சந்தையில் விலை கேட்டுவிட்டு ‘வலா நாய் ஹங்யோ, நாங்?’ என்பார்கள். ‘கொஞ்சம் குறைக்க வழியில்லையா, அக்கா?’ என்பது அதன் தொனி. (இந்த ‘நாய்’ அம்மா இல்லை, ‘நா’வும் ‘ஐ’யும் சேர்ந்தது.) பேரம் அங்கே சண்டை இல்லை, வேண்டுதல். குரலை உயர்த்திப் பொருளைப் பழித்து விலை குறைக்கப் பார்த்தால் விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நன்றிக்குச் ‘சலாமத்’. அரபியிலிருந்து மலாய் வழியே வந்த சொல் என்பதால் நம் ‘சலாம்’ இதற்கு உறவு. மிகவும் நன்றி என்பதற்கு ‘டக்ஹாங் சலாமத்’ அல்லது ‘சலாமத் கஆயோ’. மறுமொழி ‘வலாய் சபாயான்’, அதாவது பரவாயில்லை. மன்னிப்புக்கு இரண்டு அளவு உண்டு. காலை மிதித்துவிட்டால், காக்க வைத்துவிட்டால் ‘பசென்ஸ்யா நா’. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். மனத்தைப் புண்படுத்திவிட்டால் ‘பசாய்லோஆ கோ’, என்னை மன்னித்துவிடுங்கள். இரண்டாவதைச் சில்லறை விஷயங்களுக்குச் செலவழிக்க மாட்டார்கள்.

இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே கடக்க நேர்ந்தால் உடலைச் சற்றுக் குனிந்து, ஒரு கையை முன்னால் தாழ நீட்டி, ‘ஆகி லாங் கோ’ (கடந்துபோகிறேன்) என்று சொல்லிப் போவார்கள். பழைய சொல் ‘தபி’. மலாயில் ‘தாபிக்’ என்று வழங்கும் இதைச் சமஸ்கிருத ‘க்ஷந்தவ்ய’ (பொறுத்தருளத் தக்கது) என்பதோடு மொழியியலாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். மனிதர்களிடம் இன்று அதைவிட ‘எக்ஸ்கியூஸ்’ அதிகம் கேட்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் இன்றும் ‘தபி’தான். பெரிய ஆலமரத்தடியிலோ புற்றின் அருகிலோ ஒதுங்க நேர்ந்தால் ‘தபி’ என்று முணுமுணுத்துவிட்டே ஒதுங்குவார்கள். அங்கே இருப்பவர்களை ‘டிலி இங்ஓன் நாதோ’ என்பார்கள்: நம்மைப் போலில்லாதவர்கள். பேய், பூதம் என்று பெயர் சொல்லி அழைப்பதில்லை. பார்க்க முடியாதவர்களுக்கும் மரியாதை குறையக் கூடாது என்று நினைக்கும் மக்களை மரியாதை தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்ல மனம் வந்ததோ தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று ‘ஆயோ!’ என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்கிற தமிழர் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறக்கூடும். நலம், நல்லது என்ற பொருளுள்ள ‘மஆயோ’தான் அது. ‘மஆயோங் புந்தாக்’ (காலை வணக்கம்), ‘மஆயோங் ஹாபோன்’ (பிற்பகல்), ‘மஆயோங் கபிஇ’ (இரவு) எல்லாவற்றிலும் இருப்பது அதே சொல். உள்ளேயிருந்து ‘டாயோன்!’ என்று பதில் வரும், உள்ளே வாருங்கள். அது வரும்வரை படியேறக் கூடாது.

உள்ளே பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையைப் பிடித்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். தகாலோக்கில் ‘மானோ’ எனப்படும் இதைச் செபுவானோவில் ‘ஆமின்’ என்பார்கள். இப்போது ‘ப்ளெஸ்’ என்பதும் பரவலாகிவிட்டது. ‘ஆமின் கோ, லா’ என்று சொல்லிக் கை நீட்டினால் பாட்டி கையைத் தருவார். வெளிநாட்டு மாணவியிடம் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை. தோழியின் வீட்டில் தோழி செய்வதைப் பார்த்துத் தானும் செய்தால் அந்த வீட்டில் அவளுக்குத் தனி இடம் கிடைத்துவிடும்.

யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தைக் கடந்தால் ‘கஓன் தா!’ என்று அழைப்பார்கள், சாப்பிடலாம் வாருங்கள். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அழைப்பார்கள். பெரும்பாலும் அது மரியாதைக்கான அழைப்பு. உடனே உட்கார்ந்துவிடக் கூடாது. ‘சலாமத், புசோக் பா கோ’ (நன்றி, இன்னும் வயிறு நிறைந்திருக்கிறது) என்று சொல்லிப் புன்னகைக்க வேண்டும். மறுபடியும் வற்புறுத்தினால் அது உண்மையான அழைப்பு. நம் ஊரில் வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே போகிறாய்’ என்று கேட்டால் காரியம் கெடும் என்பார்கள். அங்கே ‘ஆசா கா?’ (எங்கே?) என்பதே நலம் விசாரிப்பு. ‘டிஹா ரா’ (அங்கேதான், பக்கத்தில்) என்றால் போதும். விவரம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நேராக ‘டிலி’ (இல்லை, மாட்டேன்) என்று மறுப்பது கடுமை. ‘சுனோட் நா லாங்’ (அடுத்த முறை பார்க்கலாம்) என்பார்கள். அல்லது ‘புஹோன்’. இறைவன் சித்தமிருந்தால் ஒருநாள் நடக்கும் என்பது அதன் பொருள். உண்மையான நம்பிக்கையாகவும் வரும், மென்மையான மறுப்பாகவும் வரும். எது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். விடைபெறும்போது ‘உனா லாங் கோ, ஹா’ (நான் முன்னே போகிறேன், சரியா) என்று ஒப்புதல் கேட்டுவிட்டே எழுவார்கள். இருப்பவர் ‘அம்பிங்’ என்பார். பத்திரமாகப் போய் வா.

மரியாதையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே கேட்டிருந்தீர்கள். ‘தஹோட்’ என்பது வேர், ‘பக்தஹோட்’ மரியாதை, ‘மதினஹூரோன்’ மரியாதையுள்ளவர், ‘தினாஹோட்’ மதிப்புக்குரிய. மேடையிலும் கடிதத்திலும் ‘ஹலங்டோன்’ என்பது மாண்புமிகு. ஆனால் வீடுகளில் பிள்ளையைப் பாராட்ட இவற்றையெல்லாம் சொல்ல மாட்டார்கள். ‘புஒதான்’ என்பார்கள். மனம், விருப்பம் என்ற பொருளுள்ள ‘புஒத்’ என்பதிலிருந்து வந்த சொல். நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை, பிறர் மனம் அறிந்து நடக்கிற பிள்ளை என்று எல்லாம் அதில் அடக்கம். அதன் எதிர்ப்பக்கத்தில் ‘பஸ்தோஸ்’ (நாகரிகமற்றவர்), ‘வலாய் உலாவ்’ (வெட்கமில்லாதவர்). பெரியவர்களை அவமதிப்பவருக்கும் உணவை வீணடிப்பவருக்கும் ‘காபா’ வந்து சேரும் என்ற நம்பிக்கை ஆழமானது. காபா என்பது செய்த பாவத்துக்குத் தானாக வரும் தண்டனை. ‘காபா நெருங்கி வரும், சத்தம் போடாது’ என்று ஒரு பழமொழி உண்டு. தெய்வம் நின்று கொல்லும் என்று நாம் சொல்வதில்லையா, அந்த அச்சம்தான்.

மருத்துவ மாணவிக்கு உடனடியாகத் தேவைப்படுபவை இவை. படுக்கை அருகே போனதும் ‘மஆயோங் புந்தாக், நாய். குமுஸ்தா இமோங் கிபாதி?’ (காலை வணக்கம் அம்மா, உடம்பு எப்படி இருக்கிறது?). பிறகு ‘ஆசா டாபித் அங் சாக்கித்?’ (எந்த இடத்தில் வலிக்கிறது?). தொடுவதற்கு முன் ‘ஹிக்காபோன் நாக்கோ இமோங் தியான், ஹா?’ (வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன், சரியா?). அந்த ‘ஹா’வுக்குப் பதில் வரும்வரை கை போகக் கூடாது. பதில் வாயால் வராமலும் போகலாம். புருவத்தை உயர்த்தினால் ஆம் என்று பொருள். ‘பலிஹுக் கின்ஹாவா ஒக் லாவோம், தாய்’ (ஆழமாக மூச்சு விடுங்கள், ஐயா). முடிந்ததும் ‘சலாமத் கஆயோ’. மூத்தவர் சொன்னது காதில் விழவில்லை என்றால் ‘உன்சா?’ (என்ன?) என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது, ‘உன்சா தோ, நாய்?’ என்று கேட்க வேண்டும்.

இங்கே ‘உலாவ்’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வெட்கம், கூச்சம், பிறர் முன்னால் தலைகுனிய நேருமோ என்ற அச்சம் எல்லாம் அதில் சேரும். மருத்துவர் சொன்னது புரியவில்லை என்றாலும் ‘ஓஓ, டோக்’ (சரி, டாக்டர்) என்று தலையாட்டிவிடும் நோயாளிகள் பலர். புரியவில்லை என்று சொன்னால் மருத்துவருக்கு மரியாதைக் குறைவாகிவிடும், தனக்கும் அவமானம் என்ற எண்ணம். மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பது பாதுகாப்பு. அப்படிக் கேட்கும்போதும் அறையில் மற்றவர்கள் பார்க்கக் குரலை உயர்த்தக் கூடாது.

சொல்லவே கூடாதவை சில. ‘ஹோய்!’ என்று கூப்பிடுவது சண்டைக்கு இழுப்பது போன்றது. வயதானவரை அவர் காதுபட ‘திகூலாங்’ (கிழவர்) என்று குறிப்பிடக் கூடாது; ‘எடாரான்’ என்பது பண்பான சொல். தோழிகள் பேச்சுக்குப் பேச்சு ‘யாவா’ (பிசாசு), ‘பீஸ்தே’ (கொள்ளை நோய்) என்பார்கள். அவை வசவுச் சொற்கள், அயலார் வாயில் வந்தால் இரட்டிப்பாகச் சுடும். மருத்துவ மாணவிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ‘ஆதாய்’ என்றால் கல்லீரல். அதே சொல்லைத் தனியாகக் கோபத்தோடு சொன்னால் வசவு. கல்லீரலைப் பற்றி நோயாளியிடம் பேசும்போது ‘இமோங் ஆதாய்’ (உங்கள் கல்லீரல்) என்று அமைதியாக, வாக்கியத்துக்குள் வைத்துச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெறும் ‘ஆதாய்!’ என்று தொடங்கினால் படுக்கையில் இருப்பவர் திடுக்கிட்டு நிமிர்வார்.

‘போ’வைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். டாவோவில் தகாலோக் பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. கடைகளிலும் வங்கிகளிலும் ஊழியர்கள் ‘போ’ சேர்த்துப் பேசுவதும் காதில் விழும். யாராவது தகாலோக்கில் பேசினால் தகாலோக்கிலேயே ‘போ’வோடு பதில் சொல்லலாம். பிசாயா வாக்கியத்தின் நடுவில் மட்டும் அதை ஒட்டவைக்க வேண்டாம், செயற்கையாக இருக்கும். அங்கே நோங், நாங், தாய், நாய் என்ற நான்கில் ஒன்றைப் போட்டால் போதும். எது பொருந்தும் என்று தெரியாத ஆளிடம் ‘உன்சாய் இதாவாக் நாக்கோ நிமோ?’ (உங்களை என்னவென்று அழைப்பது?) போன்ற நீண்ட வாக்கியங்களை மனப்பாடம் செய்து கேட்பதைவிட, வார்டில் நீண்ட நாள் பணியாற்றும் செவிலியர் அவரை எப்படி அழைக்கிறார் என்று கவனித்து அதையே தானும் சொல்வது எளிது.